நடந்து வருகிற காட்சி

ஆறு பேரை அடித்துப் போடுகிற காட்சி ஒரே நாளில் முடிந்துவிட்டது. அதற்கு முன்னால் சும்மா நடந்து வருகிற காட்சியில்தான் பவளம் மாட்டிக்கொண்டாள்.

நடை என்றால் பெரிய நடை ஒன்றும் இல்லை. மீன் குடோன்கள் இருக்கிற ஒரு தெருவில், இரவில், கதாநாயகி தனியாக வில்லனின் இடத்தைத் தேடி நடந்து வருகிறாள். பின்னணி இசை ஏறுகிறது. அவ்வளவுதான். கதாநாயகர்களுக்கு இந்த நடையை வைத்து வைத்துத் தேய்த்துவிட்டார்கள். பெண்ணுக்கு வைப்பது அபூர்வம். நம் சண்டைப் படங்களில் ஒரு பெண் இரவில் தெருவில் நடந்தால் அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போக ஒரு வண்டி வரும். அந்த வண்டியைத் துரத்திக்கொண்டு கதாநாயகன் வருவான். வண்டியும் வராமல், கதாநாயகனும் வராமல், ஒருத்தி தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து வந்துவிட வேண்டும் என்று இயக்குநர் வேதமூர்த்தி ஆசைப்பட்டார். ஆசை நல்ல ஆசைதான்.

"இந்த டேக்கும் அதேதானுங்க சார். இரைச்சல்," என்றான் பூவரசன்.

பூவரசன் கோபிச்செட்டிபாளையத்துப் பையன். பதிவுக் கருவிக்கு அவன்தான் பொறுப்பு. பவளம் சுடிதாருக்கு உள்ளே போட்டிருந்த மெல்லிய உள்சட்டையிலிருந்து அவள் உடம்பில் ஓடுவதெல்லாம் அவன் திரையில் கோடு கோடாக வந்து விழும். முகம் கதாநாயகியுடையது, அது வேறொரு நாளில் எடுத்து ஒட்டிக்கொள்வார்கள். உடம்பு பவளத்துடையது. தியேட்டரில் பார்க்கிறவர்கள் பிடரியில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால், திரையில் அவள் எட்டி உதைக்கும்போது அவர்கள் கெண்டைக்கால் இறுகும். அவள் குதித்தால் அவர்கள் அடிவயிறு ஜில்லென்று இறங்கும். வலியை மட்டும் குறைத்து அனுப்புவார்கள். தோல்படம் என்று ஜனங்கள் அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். தோல்படம் வந்த பிறகு சும்மா கண்ணால் மட்டும் பார்க்கிற படத்துக்குப் போக ஆளே இல்லை.

"இரைச்சல்னா என்ன தம்பி? நான் வாயே தெறக்கலையே," என்றாள் பவளம்.

"சத்தம் இல்லீங்கக்கா. காட்சிக்கு வேண்டாதது உடம்புல எது ஓடுனாலும் நாங்க இரைச்சல்னுதான் சொல்லுவோம். உங்க பிடரியில ஒரு குறுகுறுப்பு ஓடிட்டே இருக்குதுங்க. ரெண்டு காதும் பின்னாடியே கெடக்குது. அப்புறம் வலது கை விரலுக்கு நடுவுல எதையோ இறுக்கிப் பிடிச்சிருக்கீங்க. என்னதுங்க அது?"

பவளம் கையை விரித்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

"சாவியா இருக்கும்," என்றாள் யோசித்து.

"சாவி ஏதுங்கக்கா?"

"இப்ப இல்லை. ரூமுக்குப் போறப்போ இருக்கும். விரலுக்கு நடுவுல வச்சுக்குவேன்."

பூவரசனுக்குப் புரியவில்லை. அவளுக்கும், தன் கை இல்லாத சாவியை ஏன் பிடித்தது என்று புரியவில்லை.

வேதமூர்த்தி பட்டையைக் கட்டிக்கொண்டு அந்த டேக்கைத் தானே போட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் சட்டென்று திரும்பி, "யாருய்யா பின்னால?" என்றார். பின்னால் யாரும் இல்லை. லைட்மேன் ஒருவர் தூரத்தில் வயர் சுற்றிக்கொண்டிருந்தார். இயக்குநர் பட்டையைக் கழற்றிப் பிடரியைத் தேய்த்துக்கொண்டார்.

"நடக்குறப்போ என்னம்மா நினைச்சுக்கறே?"

"ஒண்ணும் நினைக்கலை சார்."

"பயமா இருக்கா?"

"எதுக்கு சார் பயம்? படத்துலதான் ராத்திரி, இங்க பட்டப்பகல். சுத்தி நூறு பேர் நிக்கிறாங்க."

"அப்புறம் ஏன் இப்படி வருது? ஆறு பேரை அடிக்கிறப்போ துளிக்கூட இது இல்லையே. அவ்வளவு சுத்தமா இருந்துதே."

"அப்ப எதிரி யாருன்னு தெரியும் சார். முன்னாலதான நிக்கிறான்."

சொன்ன பிறகு, தான் சொன்னது சரிதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. உள்சட்டையை மாற்றினார்கள். விக்கை எடுத்துவிட்டு நடக்கச் சொன்னார்கள். செருப்பு இல்லாமல் நடக்கச் சொன்னார்கள். உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா என்று மேனேஜர் காதோடு காதாக விசாரித்தார். எப்படி நடந்தாலும் அதே கோடு அதே இடத்தில் வந்தது. கருவியில்தான் கோளாறு என்று எல்லோரும் கொஞ்ச நேரம் நிம்மதியாக இருந்தார்கள். பிறகு லைட்மேன் உள்சட்டையைப் போட்டுக்கொண்டு நடந்து பார்த்தார். கோளாறு இல்லை.

வேலை கைநழுவிவிடக் கூடாதே என்று பவளம் நினைத்தாள். இந்தப் படம் அவளுக்கு அப்படிப்பட்ட படம். யூனியன் கார்டு வாங்கிய நாளிலிருந்து கூட்டத்தோடு கூட்டமாக மாடிப்படியில் உருள்கிறவளாகவும், காரிலிருந்து தள்ளிவிடப்படுகிறவளாகவும்தான் இருந்திருக்கிறாள். கதாநாயகிக்கு டூப் போடுவது கோதண்டம் என்கிற ஸ்டண்ட் நடிகர். ஒல்லியான ஆம்பிளை ஒருவருக்கு விக் வைத்து, புடவை கட்டிவிட்டு, மாடியிலிருந்து குதிக்க விடுவதுதான் வழக்கம். பெண்ணைக் குதிக்க விட்டால் அபசகுனம் என்று அந்தக் காலத்துச் சண்டை மாஸ்டர்கள் சொல்லி வைத்ததை யாரும் மாற்றவில்லை. தோல்படம் வந்த பிறகும் உள்சட்டை கோதண்டத்துக்கே போனது. பெண்கள் பட்டையைக் கட்டிக்கொண்டு கோதண்டத்தின் உடம்பில் உட்கார்ந்து, கதாநாயகியாக இருப்பது இப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். வேதமூர்த்திதான் முதல்முதலாக, பெண்ணின் உடம்பு வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். போஸ்டரில் கதாநாயகியின் பெயருக்குக் கீழே 'உடல்: பவளம்' என்று போடுவதாக ஒப்புக்கொண்டார். அந்த இரண்டு வார்த்தையை அவள் எத்தனை தடவை மனதுக்குள் எழுதிப் பார்த்திருப்பாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

"நடையை மட்டும் வேற யாரையாவது வச்சு எடுத்துட்டா?" என்று மேனேஜர் கேட்டார்.

"ஆகாதுங்க சார்," என்றான் பூவரசன். "ஒரு படத்துக்கு ஒரு உடம்புதானுங்க. நடுவுல மாறுச்சுன்னா பாக்கறவங்களுக்கு வாந்தி வந்துரும். நடை வேற ஆளுன்னா சண்டையும் அவங்கதான் பண்ணோணும்."

மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். யாருக்குப் போன் போகிறது என்று பவளத்துக்குத் தெரிந்துவிட்டது.

மதியச் சாப்பாட்டுக்குள் கோதண்டம் வந்துவிட்டார். ஐம்பதை நெருங்குகிற வயதிலும் மீசை இல்லாத முகம். கதாநாயகிகளுக்காக எடுத்த மீசையை அவர் மறுபடி வளர்க்கவே இல்லை. அவர் மனைவிக்கு அதில் தீராத குறை.

"தப்பா நினைச்சுக்காதம்மா," என்றார் பவளத்திடம். "சும்மா செக் பண்ணத்தான்னு சொன்னாங்க. உன் சான்ஸை எடுக்கவா நான் வருவேன்?"

"தெரியும்ணே," என்றாள். தெரியும் என்றாலும் அவர் விக்கை மாட்டிக்கொண்டு, அவளுடைய அதே கறுப்புச் சுடிதாரில் வந்து நின்றபோது அவளுக்கு எரிந்தது.

கோதண்டம் ஒரு தடவை நடந்தார். பூவரசன் திரையைப் பார்த்துவிட்டு, "சுத்தம்," என்றான்.

"அதை நான் போட்டுப் பாக்கலாமா?" என்று கேட்டாள் பவளம்.

பட்டையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். முழங்காலில் கனம். இடது தோளில் எப்போதோ விழுந்த ஒரு பழைய வலி. நாக்கில் பரோட்டா நினைப்பு. தெரு வந்தது, போனது. அவள் எதற்காகவோ காத்திருந்தாள். அது வரவில்லை. அப்புறம்தான் என்ன இல்லை என்று அவளுக்கு உறைத்தது. முதுகுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. தெரு முழுவதும் முன்னால் மட்டுமே இருந்தது. கை சும்மா தொங்கியது. காது எங்கே வேண்டுமானாலும் போய்க்கொண்டிருந்தது. இத்தனை வருஷமாக இடுப்பில் ஒரு குடத்தைச் சுமந்துகொண்டு திரிந்ததும், அது இருப்பதே தெரியாமல் போனதும், யாரோ வந்து வாங்கி வைத்த பிறகுதான் தெரிகிறது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் அழுகிறாள் என்று சுற்றி நின்றவர்களுக்கு விளங்கவில்லை.

"அண்ணே, நீங்க எப்பவுமே இப்படித்தான் நடப்பீங்களா?"

"எப்படிம்மா?" என்றார் கோதண்டம். அவர் உண்மையாகவே கேட்டார்.

காஸ்ட்யூம் பார்க்கிற லில்லி அக்கா, "என்னடி அப்படி இருக்குது?" என்று பட்டையைப் பிடுங்கிக் கட்டிக்கொண்டாள். முடிந்ததும் கழற்றவில்லை. "இன்னொரு தரம் போடு தம்பி," என்றாள். அதுவும் முடிந்ததும், "இதை மட்டும் படத்துல வைங்க சார், நான் பத்து தடவை பார்ப்பேன். சண்டைகூட வேணாம்," என்றாள் இயக்குநரிடம்.

வேதமூர்த்தி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "பெண்ணோட உடம்பு வேணும்னு கேட்டது நான். இப்போ பெண்ணோட நடையை வச்சா, ஆம்பிளைங்க பட்டை ரிப்பேர்னு தூக்கிப் போட்டுட்டு எந்திரிச்சுப் போயிடுவாங்க. கோதண்டத்தோட நடையை வச்சா லில்லி பத்து தடவை பார்ப்பா. இதுல எதும்மா உண்மை? எனக்குக் குழம்புது. நீயே சொல்லு."

பவளம் இரண்டையும் நிறுத்துப் பார்த்தாள். தன் நடை என்றால், முதன்முதலாக ஒரு தியேட்டர் ஆம்பிளைகளுக்கு அவள் முதுகு எப்படி இருக்கும் என்று தெரியும். ஆனால் காசு கொடுத்து வருகிற பெண்களுக்கு, வீட்டில் இருப்பதையே திரும்பக் கொடுத்ததாகிவிடும். கோதண்டத்தின் நடை என்றால் பெண்களுக்கு எங்கேயும் கிடைக்காத ஒன்று கிடைக்கும். ஆனால் படம் கோதண்டத்துக்குப் போய்விடும். அவள் மறுபடி மாடிப்படியில் உருள வேண்டியதுதான். அவளுக்கு இரண்டும் வேண்டும்போல இருந்தது, இரண்டும் தப்பாகவும் இருந்தது.

"ஒரு வழி இருக்குதுங்க," என்றான் பூவரசன் தயங்கித் தயங்கி. "ஒருக்கா ரெண்டுக்கா பாத்தா ஒண்ணும் ஆகாது. ஆனா ஒரே பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டா உடம்பு அதைப் படிச்சுக்கும். கோதண்டண்ணன் நடையை அக்கா போட்டுட்டே இருந்தாங்கன்னா, அவங்க நடையிலயே இரைச்சல் போயிரும். உடம்பு அவங்களோடதுதான். ரூல்படி ஒண்ணும் தப்பில்லை."

"அப்புறம் பழையபடி ஆயிடுமா?"

"ஆகும்னுதானுங்க நினைக்கிறேன். இது வரைக்கும் யாரும் கேக்கலை."

பவளம் சரி என்றாள். கேட்ட மாத்திரத்தில் சரி என்றாள். அவள் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

மதியம் முழுவதும் செட்டின் ஓரத்தில் ஒரு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு கோதண்டமாக நடந்தாள். பக்கத்து நாற்காலியில் கோதண்டம் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார். "நீ என்னோடதைப் போட்டுப் பாக்கறியே, உன்னோடதை நான் பாக்கக்கூடாதா? அப்படி என்னதான் இருக்குது அதுல?" என்று இன்னொரு பட்டையை வாங்கிக் கட்டிக்கொண்டார். பூவரசன் கொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டான். இரண்டு பேரும் அசையாமல் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து லில்லி அக்காவுக்குச் சிரிப்பு வந்தது.

சாயங்காலம் பவளம் எழுந்து போய் நடந்தாள்.

"சுத்தம்," என்றான் பூவரசன்.

எல்லோரும் கை தட்டினார்கள். சண்டை மாஸ்டர் அவள் தலையைத் தொட்டுப் பார்த்து, தோளில் தட்டினார். வேதமூர்த்தி போஸ்டர் ஆளுக்குப் போன் போட்டு அவள் பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். பூவரசன் ஓகே ஆன டேக்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அழித்தான். அது யூனியன் போட்ட விதி. ஆகாத டேக்குகளைக் கம்பெனிக்காரர்கள் சேர்த்து வைத்துக்கொண்டால், நாளைக்கு ஆளைக் கூப்பிடாமல் அந்த உடம்புகளை வைத்தே படம் எடுத்துவிடுவார்கள் என்று சண்டை போட்டு வாங்கிய விதி. அந்தக் கூட்டத்தில் முதலில் கையைத் தூக்கியவளே பவளம்தான்.

வேன் அவளைச் சாலிகிராமத்தில் மெயின் ரோட்டில் இறக்கிவிட்டபோது தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அங்கிருந்து அவள் தனியாகக் குடியிருந்த மாடி அறைக்கு ஒரு நீளமான சந்து வழியாகப் போக வேண்டும். பவளம் நடந்தாள். சந்தோஷமாக இருந்தது. யார் வீட்டிலோ தோசை முறுகுகிற வாசனை வந்தது. சந்தின் நடுவில் ஒரு மரமல்லி மரம் இருப்பது இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டு வீட்டு வாசல் வரைக்கும் போனாள். அங்கே போய்த்தான் பையைத் திறந்து, அடியில் கிடந்த சாவியை ஆற அமரத் தேடினாள்.

"பவளம்," என்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் கோதண்டம் நின்றுகொண்டிருந்தார்.

"எப்பண்ணே வந்தீங்க?"

"வேன்லேர்ந்து எறங்குனதுலேர்ந்து உன் பின்னாலதான் வர்றேன். செருப்புச் சத்தம் கேக்கலியா உனக்கு? ரெண்டு தடவை இருமுனேன். மரத்துக்கிட்ட நின்னியே, அப்ப உன் தோளுக்குப் பின்னாலதான் நின்னேன். நீ திரும்பவே இல்லை."

பவளம் பயப்படப் பார்த்தாள். ஒரு ஆள் சந்து முழுவதும் தன் பின்னால் வந்திருக்கிறான், தனக்குத் தெரியவில்லை. தலைக்கு விஷயம் புரிந்தது. உடம்பு பாட்டுக்குச் சும்மா இருந்தது. பிடரியைத் தடவிப் பார்த்தாள். அங்கே வெறும் தோல்தான் இருந்தது.

"எதுக்குண்ணே பின்னால வந்தீங்க?"

"நீ தனியா போறியேன்னு…" என்று ஆரம்பித்த கோதண்டம் நிறுத்திக்கொண்டார். "பொய் சொல்லக்கூடாது. எனக்குத்தான் தனியா போக முடியலை. வேன்ல கடைசி ஆளு நாந்தான். எல்லாரும் எறங்குன பிறகு டிரைவரும் நானும் மட்டும் போவோம்னு நினைச்சதும் இன்னாவோ மாதிரி ஆயிடுச்சு. முப்பது வருஷமா தெரிஞ்ச டிரைவர். நீ எறங்குனதும் நானும் எறங்கிட்டேன்."

"எத்தனை தடவைண்ணே போட்டீங்க என்னோடதை?"

"சாயந்திரம் வரைக்கும் போட்டேன். பின்னால யாரோ வர்றான்ல, அவன் யாருன்னு பாத்துடலாம்னு பாத்தேன். ஒவ்வொரு தடவையும் இப்ப வந்துடுவான், இப்ப வந்துடுவான்னே இருந்துச்சு. அவன் வரவே இல்லை. ஆனா வரமாட்டான்னும் தோணலை." அவர் சந்தின் இரு பக்கமும் பார்த்துக்கொண்டார். "யாரும்மா அவன்?"

பவளம் மறுபடி பிடரியைத் தொட்டாள்.

"எனக்கு அது எப்பண்ணே திரும்ப வரும்?" என்று கேட்டாள்.

"எனக்கு எப்பம்மா போகும்?" என்றார் கோதண்டம்.

பவளம் பையை மூடித் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகு, "வாங்கண்ணே, பஸ் ஸ்டாப் வரைக்கும் நான் வர்றேன்," என்று வந்த வழியே திரும்பி நடந்தாள். அவர் சுவரை ஒட்டி, ஒரு அடி பின்தங்கியும் பிறகு ஓடி வந்து சேர்ந்தும் வந்தார். எந்தெந்த ஜன்னலில் விளக்கு எரிகிறது என்று அவர் கண் பார்த்துக்கொண்டே வந்ததை அவள் கவனித்தாள். போனை எடுத்துப் பூவரசனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, என்னோட பழைய டேக் ஒண்ணாவது இருக்கா? முதல் டேக்?"

"அது எப்பவோ அழிச்சாச்சுங்கக்கா. உங்க யூனியன் ரூல்தானுங்களே."

"ஒண்ணுகூட இல்லையா?"

"இல்லீங்க. ஏனுங்கக்கா, அதை வெச்சு என்ன பண்ணப் போறீங்க? வெறும் இரைச்சல்தானுங்களே?"

"ஒண்ணுமில்லை தம்பி," என்று வைத்துவிட்டாள்.

லில்லி அக்கா பத்து தடவை பார்ப்பேன் என்று சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. அவளைப் போல எத்தனையோ பேர் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு மாலைக் காட்சி முடிந்து வெளியே வந்து, மரத்தையும் வானத்தையும் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு நடப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் வருகிறவனும் ஒரு கோதண்டமாகவே இருந்துவிட்டால் பரவாயில்லை. நாளைக்குப் போய் வேதமூர்த்தியிடம் இதை எப்படிச் சொல்வது, சொன்னால் போஸ்டர் என்னவாகும், நடந்த நடை அவ்வளவு சுகமாக இருந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா என்று அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

பஸ் ஸ்டாப்பில் ஆள் இல்லை. கோதண்டம் நிழற்குடைச் சுவரில் முதுகு படும்படி நின்றுகொண்டார். தலை லேசாகச் சாய்ந்து, காது இரண்டும் பக்கவாட்டில் எதையோ கேட்டுக்கொண்டிருந்தன. வலது கை தானாக மூடிக்கொண்டது. விரல்களுக்கு நடுவே இல்லாத ஒரு சாவியை அது பிடித்திருந்தது. பவளம் அந்தக் கையையே பார்த்தாள். தன்னுடைய கை அப்படி இருந்ததை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை.

"பஸ் வர நேரமாகுமாண்ணே?"

"ஆகும்."

"அப்ப கொஞ்சம் நடந்து காட்டுங்கண்ணே."

"எங்கேம்மா?"

"இங்கேர்ந்து அந்த லைட் கம்பம் வரைக்கும். மெதுவா நடங்க. நான் பின்னாலயே வர்றேன்."

பெண்களுக்காக ஆயிரம் மாடிகளிலிருந்து குதித்த கோதண்டம், ஒரு தடவை திரும்பி அவளைப் பார்த்துவிட்டு நடக்க ஆரம்பித்தார். பவளம் அவர் தோளையும் கழுத்தையும் கையையும் பார்த்துப் பார்த்து, அதேபோலத் தன்னுடையதை வைத்துக்கொண்டு, பின்னாலேயே போனாள்.